பஸ் திரும்பும் இடம்

2025 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், நீலகிரி மலைப்பாதையின் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் என் தங்கை கணவருடைய காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். அவருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த என் காரை யாரும் நிறுத்தவில்லை. எண் பலகையில் எங்கள் மாவட்டத்துக்குரிய டி.என். 43 என்றிருந்ததைப் பார்த்ததுமே அங்கே நின்றவர் கையை அசைத்து அனுப்பிவிட்டார். பின்னால் அவர்கள் வண்டியைக் காணாததால், அடுத்த வளைவில் ஒதுக்கி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். திருப்பூரிலிருந்து விடியலில் கிளம்பிய களைப்போடு மாப்பிள்ளை, வெளியூர் வண்டிகள் மலைக்குள் வர இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸுக்குக் கைப்பேசியில் போராடிக்கொண்டிருந்தார். முந்தின நாளே எடுத்திருக்க வேண்டும் என்று தங்கை அவரைக் கடிந்துகொண்டாள். நீயாவது நினைவுபடுத்தியிருக்கலாமே என்று என்னையும் விடவில்லை. அன்றைக்கான பாஸ் கிடைக்கவில்லை. கடைசியில் மேட்டுப்பாளையத்துக்கே திரும்பிப் போய், கட்டண நிறுத்தம் ஒன்றில் அவர்கள் காரை விட்டுவிட்டு, நால்வரும் என் காரில் ஏறி வந்தார்கள். வெளியூர்க் கார் ஒன்று மலையேறாமல் தடுக்கப்பட்டது உண்மை. அதற்காக என் கார் இன்னொரு முறை இறங்கி ஏறியது என்பதும் உண்மை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது, அதுவரை பேசாமலிருந்த மாப்பிள்ளை கேட்டார்: "ஏன் மச்சான், உங்க வண்டியில மட்டும் பொகையே வராதா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு தூங்கவிடவில்லை என்பதோடு, பல மாதங்களாகியும் என்னை விட்டுப் போகவும் இல்லை. எங்கள் மலையில் இ-பாஸைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் அது தொழிலைக் கெடுக்கிறது என்கிறார்கள். 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள். சீசனில் ஊட்டி சேரிங் கிராசைக் கடக்க ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தவர்களோ, இன்னும் குறைவாக விடலாம் என்கிறார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் உள்ளூர் வண்டிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் மட்டும் திறந்தேனா என்றால், இல்லை.

விதி எதை எண்ணுகிறது

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு வரம்பில்லை. உள்ளூர் வண்டிகளுக்கும் இல்லை. இந்த வழக்கின் வேர் நெரிசலிலும் குப்பையிலும் காட்டிலும் இருக்கிறதே தவிர, புவி வெப்பமாதலில் இல்லை. இந்த மலை தாங்கக்கூடிய வண்டிகள் எத்தனை என்று கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் கொடுக்கப்பட்டதற்கும் அதுதான் காரணம். அந்த அளவில் விதியின் மேல் எனக்குப் புகார் இல்லை. அது நுழைவை எண்ணுகிறது. கார் வைத்திருப்பதை அது எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்கவும் இல்லை.

மாப்பிள்ளையின் கேள்வி நுழைவைப் பற்றியதன்று. அவர் கேட்டது புகையை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஓராண்டில் என் கார் 7,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அப்படியானால் என் பங்கு ஆண்டுக்கு 1,300 கிலோவுக்கு மேல். திருப்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து திரும்ப மாப்பிள்ளைக்கு 180 கிலோமீட்டர் ஆகும். 30 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர், நாற்பது முறை ஏறி இறங்கினாலும் என்னுடைய ஓராண்டுப் புகைக்கு ஈடாகாது. திருப்பூருக்குள் அவர் ஓட்டுவதை இதில் சேர்க்கவில்லைதான். ஆனால் சாவடியில் நிறுத்தப்பட்ட பயணத்தையும் நிறுத்தப்படாத என் பயணங்களையும் வைத்துப் பார்த்தால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு உமிழ்வு, சமையல், மின்சாரம், தொழிற்சாலை எல்லாம் சேர்த்தே, ஏறக்குறைய 2 டன்தான். அதில் பாதிக்கும் மேலான அளவை நான் பள்ளிக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வந்தே விட்டிருக்கிறேன். கார் ஆலையைவிட்டு வெளியே வரும் முன்பே எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் எரிந்த சில டன்கள் தனி. மின்சாரக் கார் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களுக்கும் இந்த முன்கடன் உண்டு; மின்கலத்தால் அவர்களுக்கு அது கூடுதலாகவே இருக்கும்.

அடுத்த முறை பேசும்போது இந்தக் கணக்கை மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு யோசனை இருந்தது. "பழைய டி.என். 43 வண்டி ஒண்ணு விலைக்கு வருது மச்சான். வாங்கி உங்க ஊர்லயே போட்டுடறேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ல வந்துட்டா, நீங்க அதுல வந்து எங்களக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். விளையாட்டென்று தள்ளிவிடவும் முடியவில்லை. மெக்சிகோ நகரத்தில் 1989இல், எண் பலகையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு காரையும் ஓட்டக்கூடாதென்று விதித்தபோது, பலர் அந்த ஒரு நாளுக்கென்று இன்னொரு பழைய காரை வாங்கினார்கள். ஓட்டத்தைத் தடுக்கப்போய் உடைமை பெருகியது. டெல்லியில் 2016 ஜனவரியில், ஒற்றை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டை எண் வண்டிக்கு மறுநாள் என்ற ஒற்றை இரட்டை முறை வந்தபோதும், வீட்டில் இரண்டு வண்டி வைத்திருந்தவர்களுக்குச் சங்கடம் குறைவு.

சிங்கப்பூரில் ஒரு தாள்

ஓட்டத்தை விட்டுவிட்டு உடைமையின் கழுத்தையே பிடித்த ஊர் சிங்கப்பூர். எங்கள் குடியிருப்பிலிருந்து போன பையன் ஒருவன் அங்கே கட்டுமான வேலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். என்னிடம் படித்தவன். லீவில் வந்தபோது அவனிடம் விசாரித்தேன். 1990 மே மாதத்திலிருந்து அங்கே கார் வாங்க, காரின் விலையைத் தவிர உரிமைச் சான்றிதழ் ஒன்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் பத்து ஆண்டு. 2018 பிப்ரவரி முதல் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அனுமதிக்கப்பட்ட ஆண்டு வளர்ச்சி பூஜ்யம். பழைய வண்டிகள் கழிகிற அளவுக்கே புதியவற்றுக்கு இடம். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. நம் கணக்கில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல், வெறும் தாளுக்கு. அங்கேயும் இது புவி வெப்பத்துக்காக வந்ததன்று. நிலத்தில் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது, இனி விட முடியாது என்ற இடநெருக்கடிதான் மூலம். உமிழ்வு குறைவது உடன் வந்த பலன்.

"கார் வாங்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாடா?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? எம்.ஆர்.டி. ரயில் இறங்கினா பஸ், பஸ் இறங்கினா வேலை செய்யிற எடம். மழை பெய்தாலும் நனையாம போயிடலாம்" என்றான். அவன் சொன்னதில் எனக்குத் தைத்தது விலையைவிட அந்த நனையாமல் போவது. ஏலம் பணக்காரனுக்குக் காரைக் கொடுத்துவிட்டு மற்றவனைத் தடுக்கிறது என்ற குறை சரியானது. பெய்ஜிங் 2011இல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. அங்கே பணத்துக்குப் பதில் அதிர்ஷ்டம், நோயாளி இருக்கும் வீடும் சும்மா வைத்திருக்க ஆசைப்படும் வீடும் ஒரே சட்டியில். இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சான்றிதழில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது: பத்து ஆண்டு முடிந்தால் ஏற்கெனவே கார் வைத்திருப்பவனும் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், அல்லது மறுபடி பணம் கட்ட வேண்டும். முன்னால் வந்தவன் என்பதற்காக அவனுக்கு நிரந்தரப் பட்டா இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் நூறு குடும்பங்களில் ஏறக்குறைய எட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. அந்த எட்டில் ஒருவன் நான். இனிமேல் யாரும் வாங்கக்கூடாது என்று அரசு விதித்து, என்னுடையதைத் தொடாமல் விட்டால், அது நான் மேலே ஏறியபின் ஏணியை எட்டி உதைப்பதற்குச் சட்டத்தின் துணை கொடுப்பதாகும். டி.என். 43க்குக் கிடைக்கும் கையசைப்பும் அதன் சின்ன வடிவம்தான்.

காலியாக இருந்த இடம்

மாப்பிள்ளையின் பழைய கார் யோசனைக்குப் பதில் சொல்வதற்காகத்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியை யோசித்தேன்: வாங்கினால் எங்கே நிறுத்துவது? பதில் தயாராக இருந்தது. பஸ் திரும்பும் இடத்தில். அப்போது எல்லோரும் அங்கேதான் நிறுத்திவந்தோம்.

எங்கள் குடியிருப்பு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுடையது. மண்டபம் முகாமில் இறங்கி இங்கே வந்த தாத்தா காலத்தில் சாலையே கிடையாது. பிறகு சாலை வந்தது. பஸ் வரவேண்டுமானால் திரும்ப இடம் வேண்டும் என்றார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு அருகில், கூடை இறக்கிவைத்த மேட்டை எங்கள் ஆட்களே மண்வெட்டியால் சமன் செய்து கொடுத்தார்கள். முதல் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டியதும், டிரைவர் ஒரே திருப்பில் வண்டியைத் திருப்பியபோது பெரியவர்கள் கைதட்டியதும் எனக்கு மங்கலாக நினைவிருக்கின்றன. அது இரவு இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பும் பஸ். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுப்பார்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து வெந்நீர் போகும். விடிவதற்குள் கேரட் மூட்டையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் மலையிறங்கிவிடுவார்கள். நான் பி.எட். படித்ததே அந்தப் பஸ்ஸின் தயவில்தான்.

கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வந்தவை டூரிஸ்ட் டாக்சிகள். அவை பிழைப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்து, கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய கார்கள். 2014இல் நானும் வாங்கினேன். அதற்கு முந்திய ஆண்டு நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தபோது, பக்கத்து டாக்சிக்காரரை எழுப்பிப் போய்ச் சேர்ந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை யாராலும் எனக்கு மறக்கடிக்க முடியாது. அந்தக் காரணத்தை இன்றும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாட்குறிப்பைப் புரட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடியது பதினொரு ஆண்டில் ஆறு முறை. மற்றவை எல்லாம் மற்றவைதாம். எங்கள் வீட்டுக்குப் படிக்கட்டு மட்டுமே உண்டு என்பதால் என் கார் முதல் நாளிலிருந்தே பஸ் திரும்பும் இடத்தில்தான் நின்றுவந்தது.

ஒரே திருப்பில் திரும்பிய பஸ்ஸுக்கு மூன்று திருப்பு தேவைப்பட்டது, பிறகு ஐந்து. மூடுபனியில் ஒரு நாள் பின்னால் எடுத்தபோது ஒரு காரின் கதவு நசுங்கியது. சண்டை நடந்தது. கண்டக்டர் இறங்கி, நீங்களே சொல்லுங்க எப்படித் திருப்புறதுன்னு, என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதத்திலிருந்து இரவுப் பஸ் கீழே, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முக்குரோட்டோடு நின்றுகொண்டது. டிக்கெட் வருமானமும் குறைந்திருந்தது. நாங்கள்தான் ஏறுவதே இல்லையே. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு அந்த ட்ரிப்பே இல்லாமல் போனது.

நாங்கள் மனு எழுதினோம். மனுவை எழுதியவன் நான். நல்ல தமிழில், மலைவாழ் மக்களின் அவலம், கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதை, கொழுந்தெடுக்கும் பெண்கள் இருட்டில் நடக்கும் அபாயம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சில வாரங்களில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். மாலை ஆறரை மணி. கூட்டமாக நின்று வரவேற்றோம். அவர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்: "இந்த வண்டியெல்லாம் யாருதுங்க?"

பதினேழு வண்டிகள் நின்றன. ஒருவரும் பேசவில்லை. என் காரின் பானெட்டில் அவர் மனுவை வைத்து ஏதோ குறித்துக்கொண்டார். அது என் கார் என்று நான் சொல்லவில்லை.

சும்மா நிற்கும் கார்

அந்த மாலையும் மாப்பிள்ளையின் கேள்வியும் ஒன்றின்மேல் ஒன்று வந்து அமர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கார் ஓடும்போதுதான் கெடுதல், நிற்கும்போது இல்லை என்று நினைத்துத்தான் நாம் பெட்ரோல் விலையையும் இ-பாஸையும் ஒற்றை இரட்டையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். என் கார் ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். மிச்ச இருபத்து மூன்று மணி நேரம் அது பஸ்ஸின் இடத்தில் நின்றது. அப்படி நின்றே அது ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டது. பஸ் நின்றதால் கார் இல்லாத ஒவ்வொரு வீடும் கடன் வாங்கியாவது கார் வாங்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியது. பதினேழு இருபத்தைந்தாகும். ஓட்டத்தின் மேல் வைக்கும் எந்தக் கட்டுப்பாடும் இந்தச் சுழலைத் தொடுவதில்லை. உடைமையின் மேல் வைப்பது மட்டுமே தொடும் என்று இப்போது நினைக்கிறேன். அரசு அதில் தலையிடலாமா என்று கேட்டால், தலையிடலாம் என்றுதான் சொல்வேன், பஸ் வருவதை உறுதி செய்துவிட்டு.

ஜப்பானில் 1962இலேயே ஒரு சட்டம் வந்தது. காரைப் பதிவு செய்ய வேண்டுமானால் அதை நிறுத்த உனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். பொதுச் சாலை அந்த இடமாகாது. ஏலமும் குலுக்கலும் எழுப்பும் மனக்கசப்பு இதில் குறைவு. நிலமுள்ளவனுக்கு இது எளிது, படிக்கட்டு வீட்டுக்காரனுக்குக் கடினம் என்பது உண்மைதான். ஆனால் மலையில் சமதளமான மண் என்பது எல்லோருக்குமான சொத்து. அதை வாடகையின்றி நான் பதினொரு ஆண்டு எடுத்துக்கொண்டதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? டாக்சி ஓட்டுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு வைக்கலாம். எனக்கு வைக்க வேண்டிய தேவை இல்லை.

இந்த மலையிலிருந்து போகும் புகை உலகக் கணக்கில் தூசிக்கும் காணாது என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. சரிதான். 2009 நவம்பரில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும், அந்த மழை எங்கள் கணக்கைப் பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் 2009இல் ஊரிலிருந்த வண்டிகள் எல்லாம் அறுந்த சாலையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்க, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

எதிர் வீட்டு அத்தைக்கு எழுபது நெருங்குகிறது. இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை மலைப் பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அத்தை அதை அறிந்து மகிழ்ந்தார். இலவசப் பஸ் முக்குரோடு வரைக்கும் வருகிறது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறார். நான் காரில் வரும்போது அவரை ஏற்றிக்கொள்வேன். அதை நல்ல காரியம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடந்த ஐப்பசியில் ஊர்க் கூட்டத்தில், அதிகாரி பானெட்டில் மனு வைத்தது என் கார்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன். நெடுநேரம் இரைச்சல். முடிவில் ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். முக்குரோட்டுக்குப் போகிற வழியில் ஒருவர் தம் தரிசை மாத வாடகைக்குத் தந்தார். என் கார் இப்போது அங்கே நிற்கிறது, வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. டாக்சிக்காரர்கள் இருவர் வண்டியை ஒரு ஓரமாக ஒட்டி நிறுத்தச் சம்மதித்தார்கள். பையன்கள் டேப் பிடித்து அளந்து, பஸ் திரும்பத் தேவையான வட்டத்தைச் சுண்ணாம்பால் போட்டார்கள். அளவோடு புதிய மனு போயிருக்கிறது. மாப்பிள்ளையிடம் பழைய கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மே மாதம் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நம்பவில்லை. பருவமழையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு முறை கரைந்து போனது. கரைந்த இரண்டு முறையும் மறுநாள் காலையில் கோட்டுக்குள் யாரோ ஒருவருடைய கார் நின்றது. பையன்கள் இந்தச் சனிக்கிழமை மறுபடி போடுகிறார்கள். இந்த முறை பெயிண்ட் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.